அப்போலோவின் காலடியில் டென்னிஸ் மட்டை எப்படி வந்தது?

கேள்வி இது: "டியெப்போலோ வரைந்த 'ஹயசிந்தஸின் மரணம்' ஓவியத்தின் அடிப்பகுதியில் ஒரு டென்னிஸ் மட்டை கிடக்கிறது. கிரேக்கப் புராணத்தில் டென்னிஸ் ஏது? ஓவியர் விட்ட பிழையா, குறும்பா, இல்லை பிற்காலத்தில் யாராவது சேர்த்ததா? கூடவே, இதைப் பரோக் பாணி என்பதா ரொக்கோகோ பாணி என்பதா?"

பிழை இல்லை. பின்னால் யாரும் சேர்க்கவும் இல்லை. குறும்பு ஓரளவு உண்டு, ஆனால் அது மட்டையில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய புத்தகத்தில், உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளை அச்சில்தான் இந்த ஓவியத்தை முதலில் பார்த்தேன். கீழே கிடந்ததை அப்போலோவின் உடைந்த யாழ் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு மனதுக்குள் ஒரு விளக்கமும் தயார் செய்து வைத்திருந்தேன். கடவுள் துக்கத்தில் யாழை வீசியெறிந்துவிட்டார் என்று! வண்ணத்தில் பெரிதாகப் பார்த்தபோதுதான் நரம்பெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரிந்தது.

முதலில் படத்தைப் பார்ப்போம். ஜியாம்பத்திஸ்தா டியெப்போலோ வெனிஸ்காரர், 1696-ல் பிறந்தவர். இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தை 1752–53 வாக்கில் வரைந்தார். இப்போது மாட்ரிட்டில் திஸ்ஸன்-போர்னெமிஸா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 287 செ.மீ., அகலம் 232 செ.மீ. நம் வீட்டு அறைக்குள் நிறுத்தினால் கிட்டத்தட்ட கூரையை முட்டும். ஆட்கள் ஏறக்குறைய நிஜ அளவில் இருக்கிறார்கள். அதனால் தரையில் கிடக்கும் அந்த இளைஞன் நம் முன்னால் கிடப்பது போலவே இருக்கும்.

அவன்தான் ஹயசிந்தஸ். விரித்த துணியின் மேல் சாய்ந்து கிடக்கிறான். உடம்பில் ரத்தம் வடிந்துவிட்டது போன்ற ஒரு வெளிறல், நிழல் விழும் இடங்களில் லேசான பச்சை கலந்த சாம்பல். கன்னத்தில் ஒரு கன்றிய அடையாளம். அவனுக்கு மேலே குனிந்து, வாகை இலைகளை முடியில் சூடிய அப்போலோ தலையில் கை வைத்துக்கொண்டு புலம்புகிறார். பக்கத்தில் சிறகு முளைத்த குட்டிக் காதல் தேவன். இன்னொரு புறம் வேடிக்கை பார்க்கும் ஒரு கூட்டம். அதில் தாடி வைத்த, கீழைநாட்டு உடையில் ஒரு பெரியவர். ஹயசிந்தஸின் தந்தை என்று சொல்வதுண்டு. மேலே கட்டட விளிம்பில் ஒரு பெரிய கிளி. ஒரு தூணின் உச்சியில் பான் என்ற காட்டுத் தெய்வத்தின் சிலை, சிரித்த முகத்தோடு. அடியில் மட்டை, பந்து, பூக்கள். பின்னணியில் தொய்ந்து தொங்கும் ஒரு வலை.

சரி, கதை. இதன் மூலம் லத்தீன் கவிஞர் ஒவிட் எழுதிய 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தின் 10-ம் பகுதி. மனைவியைப் பாதாள உலகத்தில் இழந்துவிட்டுத் திரும்பிய பாடகன் ஓர்பியூஸ், தேவர்கள் காதலித்த இளைஞர்களைப் பற்றிப் பாடும் பாட்டாக இது வரும். ஸ்பார்ட்டா பக்கத்துப் பையன் ஹயசிந்தஸ் மேல் அப்போலோவுக்கு அளவு கடந்த காதல். டெல்பியில் தன் கோயிலை மறந்தார், யாழை மறந்தார், அம்பை மறந்தார். அவன் வேட்டைக்குப் போனால் வலையைத் தூக்கிக்கொண்டும் நாயைப் பிடித்துக்கொண்டும் கூடவே நடந்தார். ஒரு நாள் உச்சி வெயிலில் இருவரும் உடைகளைக் களைந்து, உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வட்டு எறிய ஆரம்பித்தார்கள். முதலில் எறிந்தவர் அப்போலோ. வட்டு மேகத்தைக் கிழித்துக்கொண்டு போய், வெகுநேரம் கழித்துத் தரையில் விழுந்தது. அதை எடுக்க ஆர்வத்தில் ஓடினான் பையன். கெட்டித் தரையில் பட்டுத் தெறித்த வட்டு அவன் முகத்தில் அடித்தது.

ஒவிட் அடுத்துச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த இடம். அப்போலோ மூலிகைகளை வைத்துக் காயத்தைக் கட்டிப் பார்க்கிறார். மருத்துவமே அவர் கையில் இருக்கும் கலை. ஆனால் அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. தண்ணீர் பாய்ந்த தோட்டத்தில் யாரோ ஒடித்துவிட்ட அல்லித் தண்டு தலையைத் தூக்க முடியாமல் மண்ணைப் பார்த்துத் தொங்குமே, அப்படி அவன் கழுத்து தன் பாரத்தைத் தாங்காமல் தோளில் சாய்கிறது. கொட்டிய ரத்தத்திலிருந்து ஒரு பூ முளைக்கிறது. அதன் இதழ்களில் 'ஐ ஐ' என்று தன் அழுகையின் எழுத்துகளைப் பொறிக்கிறார் கடவுள். (இன்றைக்குத் தோட்டங்களில் ஹயசிந்த் என்று விற்கும் பூவில் அப்படி எந்தக் கோடும் கிடையாது. ஒவிட் சொன்ன பூ வேறு ஏதோ ஒன்று; காட்டு ஐரிஸ், லார்க்ஸ்பர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.)

ஆக, மூலத்தில் வட்டுதான். காற்றுத் தேவன் செஃபிரஸ் பொறாமையில் வட்டைத் திருப்பிவிட்டான் என்ற கிளைக்கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு எழுத்தாளர்களிடம் இருக்கிறது, ஒவிட்டிடம் இல்லை. அவரிடம் இது வெறும் விபத்து.

பிறகு மட்டை? அதற்கு 1561-க்கு வர வேண்டும். அந்த வருடம் ஜியோவன்னி ஆந்த்ரெயா தெல் அங்குயில்லாரா என்ற கவிஞரின் இத்தாலிய 'உருமாற்றங்கள்' வெனிஸில் முழுதாக அச்சாகி வெளிவந்தது. மொழிபெயர்ப்பு என்று பேர்தான், நடப்பது தழுவல். எட்டடிப் பாட்டுகளாக, தன் காலத்து வாசகருக்கு ஏற்றபடி நீட்டியும் மாற்றியும் எழுதினார். வட்டு எறிதல் அந்தக் காலத்து இத்தாலியப் பிரபுக்களுக்கு ஏட்டில் படித்த சமாச்சாரம். அவர்கள் மாலையில் ஆடியது பல்லகோர்தா, அதாவது 'கயிற்றுப் பந்து'. நடுவில் கயிறு கட்டி, சுவர் சூழ்ந்த ஆடுகளத்தில் மட்டையால் பந்தை அடிக்கும் ஆட்டம். பிரான்ஸில் இதையே ஜெ த போம் என்றார்கள். இன்று நாம் டென்னிஸ் என்று சொல்லும் புல்தரை ஆட்டம் 1870-களில் இங்கிலாந்தில் உருவானது; இது அதற்கு முப்பாட்டன். அங்குயில்லாராவுக்கு ஆறு வருடம் முன்பே, 1555-ல், அந்தோனியோ ஸ்கைனோ என்பவர் பந்தாட்டங்களுக்கென்றே தனி நூல் எழுதி வெனிஸில் அச்சிட்டுவிட்டார். விளையாட்டு அவ்வளவு பரவியிருந்தது. அங்குயில்லாரா வட்டைத் தூக்கிவிட்டு அப்போலோ கையிலும் ஹயசிந்தஸ் கையிலும் மட்டையைக் கொடுத்தார்.

இந்தத் தழுவல் இத்தாலியில் மறுபடி மறுபடி அச்சானது. லத்தீனில் தடுமாறும் ஓவியர்களுக்கும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் செல்வந்தர்களுக்கும் ஒவிட் என்றாலே அங்குயில்லாராதான். அதனால் டியெப்போலோ மட்டையை வரைந்தது கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டதால் அல்ல. கையில் இருந்த புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை வரைந்தார்.

அந்தப் பந்தை இன்றைய டென்னிஸ் பந்தாக நினைத்துவிடாதீர்கள். உள்ளே காற்றுக் கிடையாது. கம்பளித் துண்டு, மயிர், துணி என்று இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, மேலே தோலோ துணியோ போர்த்திய கெட்டிப் பந்து. கிரிக்கெட் பந்து பட்டவர்களுக்கு வலி புரியும். அந்த ஆடுகளங்களில் சண்டைக்கும் பஞ்சமில்லை. 1606 மே மாதம் ரோமில் ஓவியர் கராவாஜ்ஜோ ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடினாரே, அந்தத் தகராறு பல்லகோர்தா ஆடுகளத்தை ஒட்டித்தான் வெடித்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். புத்தகத்தில் இருந்தது, வரைந்தார் என்பதோடு பதிலை முடித்துக்கொள்பவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். பந்து இந்த ஓவியருக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. வட்டு என்பது கல்லாலோ உலோகத்தாலோ ஆனது. தேவன் விண்ணுக்கு எறிந்தது. அது முகத்தில் அடித்தால் முகமே இருக்காது. பந்து அப்படியில்லை. கன்னத்தில் ஒரு கன்றல், அவ்வளவுதான். பையன் அழகாகவே சாக முடிகிறது. அப்போலோ எதற்காக அழுகிறாரோ அந்த முகத்தை, அழியாமல் நமக்குக் காட்ட முடிகிறது. டியெப்போலோ அந்தக் கன்றலை எப்படி வைத்திருக்கிறார் என்று நெருங்கிப் பாருங்கள். ரத்தம் இல்லை, கிழிசல் இல்லை. வெளுத்த தோலில் விரல் வைத்துத் தேய்த்தது போல மங்கிய சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் பையன் தூங்குகிறான் என்றே தோன்றும். இவ்வளவு சின்ன அடிக்கா உயிர் போயிற்று என்ற திகைப்பு அப்புறம்தான் வருகிறது. வட்டால் வரும் சாவில் ஒரு புராண கம்பீரம் உண்டு. பந்தால் வரும் சாவு அபத்தமானது. மாலை விளையாடப் போன பிள்ளை திரும்பவில்லை என்பது போன்ற சாவு. எனக்கு இது ஒவிட்டின் வட்டைவிடக் கொடுமையாகப் படுகிறது.

ஓவியத்தை வரையச் சொன்னவர் கதையும் இங்கே வருகிறது. ஷௌம்பர்க்-லிப்பே என்ற சின்ன ஜெர்மன் நாட்டின் பிரபு வில்ஹெல்ம் என்பவருக்காக வரையப்பட்டது இது. 1724-ல் லண்டனில் பிறந்தவர், 1748-ல் ஆட்சிக்கு வந்தவர். மென்மையான கலை ரசிகர் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். பீரங்கி, கோட்டை, ராணுவப் பள்ளி என்று வாழ்ந்த மனிதர். 1762-ல் போர்ச்சுகல் ராணுவத்துக்குத் தலைமை தாங்கி ஸ்பெயின் படையெடுப்பைத் தடுத்தவர். அதே சமயம், புகழ்பெற்ற பாக் இசைக் குடும்பத்தில் ஒருவரை அரண்மனை இசைக்கலைஞராக வைத்திருந்தவரும் அவரே. அவருடைய நெருங்கிய தோழரான ஓர் இசைக்கலைஞர் 1751-ல் இறந்ததாகவும், அந்த இழப்பை நினைத்தே இந்தக் கதையை வரையச் சொன்னதாகவும் ஒரு வாசிப்பு உண்டு. அப்போலோ இசைக்கும் தெய்வம் என்பதால் அந்த வாசிப்பு இன்னும் பொருந்துகிறது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தூரிகை இழுப்புக்கும் வாழ்க்கை வரலாறு எழுதுவது எனக்கு உவப்பில்லை. காதலனை இழந்த காதலன் என்பது ஒவிட்டிலேயே அப்பட்டமாக இருக்கிறது, அதை நிரூபிக்கப் பிரபுவின் அந்தரங்கம் தேவையில்லை.

ஒரு சின்னத் தகவல் மட்டும். இங்கிலாந்து இளவரசர் ஃபிரெடரிக், பந்து ஒன்று பட்ட அடியால் இறந்தார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட வருடமும் 1751தான். உண்மையான காரணம் அதுவல்ல என்பதே இன்றைய கருத்து. வில்ஹெல்முக்கும் அவருக்கும் தாத்தா ஒருவரே, அரசர் முதலாம் ஜார்ஜ். வில்ஹெல்மின் தாய் அந்த அரசருக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த மகள். இதற்கும் ஓவியத்துக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. விளையாட்டுப் பந்தால் ஒரு இளைஞன் சாவான் என்பது அந்த வட்டாரத்தில் யாரும் சிரிக்கும் விஷயமாக இருந்திருக்காது என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது அந்தக் கிளியும், கீழைநாட்டுத் தலைப்பாகைகளும். ஸ்பார்ட்டாவில் இவர்களுக்கு என்ன வேலை? இதைப் புரிந்துகொள்ள வெனிஸின் இன்னொரு கதை உதவும். டியெப்போலோவுக்கு ஏறக்குறைய 170 வருடம் முந்தியவர் ஓவியர் பாவ்லோ வெரோனேஸ். 1573-ல் ஒரு மடத்துக்காக இயேசுவின் கடைசி விருந்தைப் பிரம்மாண்டமாக வரைந்தார். அதில் கையில் கிளி வைத்த கோமாளி, மூக்கில் ரத்தம் வடியும் வேலைக்காரன், ஆயுதம் ஏந்திய ஜெர்மன் வீரர்கள் என்று கூட்டம் அலைமோதியது. திருச்சபையின் விசாரணை மன்றம் கூப்பிட்டுக் கேட்டது, இவர்களெல்லாம் ஆண்டவரின் விருந்தில் என்ன செய்கிறார்கள் என்று. கவிஞர்களும் பைத்தியக்காரர்களும் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் வெரோனேஸ் சொன்ன பதிலின் சாரம். கடைசியில் ஓவியத்தை அவ்வளவாக மாற்றவில்லை, பெயரை மாற்றி 'லேவியின் வீட்டு விருந்து' ஆக்கிவிட்டார். சாமர்த்தியசாலி.

டியெப்போலோ இந்த வெரோனேஸின் வாரிசு. தன் காலத்திலேயே அப்படித்தான் புகழப்பட்டார். பழங்காலக் கதையை, வெனிஸ்காரர்களுக்குப் பழக்கமான பட்டிலும் தூண்களிலும் நடத்திக் காட்டுவது இருவருக்கும் கைவந்த வழி. கிளியோபாட்ராவுக்கே 16-ம் நூற்றாண்டு வெனிஸ் கவுன் போட்டுவிட்டவர் டியெப்போலோ. அவர் மேடையில் மட்டை கிடப்பது விதிவிலக்கு அல்ல, வழக்கம். ஏதென்ஸில் என்ன உடுத்தினார்கள், என்ன விளையாடினார்கள் என்று அகழ்வாராய்ச்சி பார்த்து வரைய வேண்டும் என்ற எண்ணம் அடுத்த தலைமுறையினுடையது. நாம் அந்த அடுத்த தலைமுறையின் பள்ளியில் படித்தவர்கள், அதனால்தான் மட்டை நம் கண்ணில் முள்ளாகக் குத்துகிறது.

எங்கே உட்கார்ந்து இதை வரைந்தார் என்பதும் சுவையானது. 1750 டிசம்பரில், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே ஆட்சி செய்த பிஷப், பால்தாசர் நாய்மன் கட்டிய தன் அரண்மனைக்குச் சுவரோவியம் வரையக் கூப்பிட்டிருந்தார். முதலில் ஒரு மண்டபம். பிறகு 1752–53-ல் மாடிப்படிக் கூடத்தின் விதானம். 600 சதுர மீட்டருக்கும் மேல், ஒரே ஓவியம். நான்கு கண்டங்களும் சுற்றி நிற்க, நடுவானில் சூரிய தேவனாக அப்போலோ.

சுவரோவியம் என்பது ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் செய்யும் வேலை. அன்றைய பகுதிக்குப் பூச்சு போடு, காய்வதற்குள் வரைந்து முடி, மறுநாள் அடுத்த துண்டு. தவறு செய்தால் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டியதுதான். ஜெர்மன் குளிர்காலத்தில் சுண்ணாம்பு ஒழுங்காகப் பிடிக்காது, எனவே சாரத்தில் ஏற முடியாது. அந்த மாதங்களில் கேன்வாஸ் முன் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். மியூனிக்கில் இருக்கும் பெரிய 'மூன்று ஞானிகளின் வணக்கம்' (1753) அப்படி வந்தது. ஹயசிந்தஸும் அந்தக் காலத்துப் படைப்பே. வேனிலில் அரண்மனை விதானத்தில் உலகையே ஒளிரச் செய்யும் அப்போலோ. அதே இரண்டு வருடங்களுக்குள் எண்ணெய் வண்ணத்தில், சின்னப் பந்து ஒன்றுக்கு முன் கையாலாகாமல் நிற்கும் அப்போலோ. இரண்டும் ஒரே கை.

எண்ணெய் வண்ணம் அவருக்குக் கொடுத்தது நேரம். சுண்ணாம்பு போல அது விரட்டாது, மெதுவாகத்தான் காயும். ஒரு அடுக்கின் மேல் இன்னொன்றை மெல்லியதாகப் படர விட்டு, கீழ் நிறத்தை மேலே தெரியவிடலாம். ஹயசிந்தஸின் உடம்பில் அந்தப் பிண வெளிறல் வந்தது இப்படித்தான். வெறும் வெள்ளையைத் தடவினால் பளிங்குச் சிலை வரும், பிணம் வராது. அப்போலோவின் உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது, ரோஜாவும் தேன் நிறமும் கலந்த சூடு. இரண்டு உடல்களையும் அடுத்தடுத்து வைத்து, நிறத்தை வைத்தே உயிர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறார். இந்த இரு உருவங்களையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று திரும்பத் திரும்ப முயன்ற பேனா வரைவுகள் கிடைத்திருக்கின்றன. 'விரைவில் வரைந்து தள்ளுபவர்' என்ற பேர் அவருக்கு உண்டு. இந்த இடத்தில் அவர் அவசரப்படவில்லை.

இனி பரோக்கா ரொக்கோகோவா. இதற்குப் பெரிய சண்டை தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு பெயரும் பின்னால் வந்தவர்கள் ஒட்டிய சீட்டுகள். பரோக் என்றால் நாடகம்: சாய்கோட்டில் உருளும் உடல்கள், உச்சக்கட்டத் தருணம், பார்ப்பவரைச் சட்டையைப் பிடித்து இழுக்கும் வேகம். ரொக்கோகோ என்றால் இலகு: வெளிர் நிறம், விளையாட்டு, எதையும் ரொம்பக் கனமாக எடுத்துக்கொள்ளாத புன்னகை. டியெப்போலோ முதலாவதின் இலக்கணத்தை இரண்டாவதின் வெளிச்சத்தில் எழுதியவர். பிற்காலப் பரோக் என்று சொன்னால் ஓரளவு எல்லாம் அடங்கிவிடும்.

சொல்லைவிட ஒப்பீடு உதவும். பரோக் ஓவியர் ரூபன்ஸ் 1636 வாக்கில் இதே காட்சியை ஸ்பெயின் மன்னரின் வேட்டை மாளிகைக்காக எண்ணெய் வண்ண முன்வரைவாகத் தீட்டினார். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 14 செ.மீ. சதுரம், ஒரு தபால் அட்டையைவிடச் சற்றே பெரிது. அங்கே வட்டு வட்டாகவே இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர் கிடையாது, கிளி கிடையாது. அடி விழுந்த அந்த நொடி, கடவுள் பதறி ஓடிவருவது, அவ்வளவுதான். முழு வீச்சிலான பரோக் என்றால் அது. டியெப்போலோவிடம் அந்த நொடி கடந்துவிட்டது. ஆட்டம் நின்று, ஆட்கள் கூடி, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். (இன்னும் 14 வருடம் கழித்து, 1767-ல், பதினொரு வயது மோட்சார்ட் சால்ஸ்பர்க்கில் இதே கதையை லத்தீன் இசை நாடகமாக்கினார். பள்ளி மாணவர்கள் நடிப்பதற்கு என்பதால் காதலைப் பையனிடமிருந்து அவன் சகோதரி பக்கம் திருப்பிவிட்டார்கள்.)

குறும்பு எங்கே என்று சொல்கிறேன் என்றேன். அது பான் சிலையில். கீழே ஒருவன் செத்துக் கிடக்கிறான், கடவுள் கதறுகிறார், மேலே கல் முகம் ஒன்று இளித்துக்கொண்டிருக்கிறது. சிலர் இதை வைத்து ஓவியம் முழுவதுமே கேலி என்கிறார்கள். அப்போலோவின் கை ஓங்கிய அங்கலாய்ப்பு ஓபெரா நடிகரைப் போல இருக்கிறது, கிளி சர்க்கஸ் போல இருக்கிறது, ஓவியர் இந்தத் துக்கத்தை நம்பவில்லை என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போலோ நடிக்கிறார் என்பது உண்மைதான். வெனிஸ் ஓபெராவின் ஊர், பார்த்து வளர்ந்த சைகைகள் கையில் வரத்தான் செய்யும். ஆனால் ஹயசிந்தஸ் நடிக்கவில்லை. அந்தக் கழுத்தும், பிடி விட்டுப் போன உடம்பும் எந்த மேடையிலும் பார்த்து வரைந்தவை அல்ல. சுற்றிலும் எல்லாமே கூத்து. நடுவில் ஒரே ஒரு உண்மையான பொருள் கிடக்கிறது. சிலையின் இளிப்பு அந்த உடலைக் கேலி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. காடு, கல், கிளி, இவற்றுக்கெல்லாம் யார் செத்தாலும் ஒன்றுதான்.

இந்த மாதிரி ஓவியத்துக்குக் காலம் சீக்கிரமே முடிந்தது. 1762-ல் ஸ்பெயின் மன்னர் அழைத்ததால் மாட்ரிட் போன டியெப்போலோ அரண்மனை விதானங்களை வரைந்தார். அங்கே அவருக்குப் போட்டி, பழங்கலையைப் பிசகாமல் பின்பற்ற வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்த மெங்ஸ். அந்தக் கட்சியின் ஆசான் விங்கெல்மன், மெங்ஸ் ஒரு வாரத்தில் செய்வதைவிட டியெப்போலோ ஒரு நாளில் அதிகம் செய்வார், ஆனால் பார்த்ததும் மறந்துபோகும் என்ற பொருளில் எழுதினார். 1770 மார்ச்சில் டியெப்போலோ மாட்ரிட்டிலேயே காலமானார். மாட்ரிட் அருகே அரான்ஹுவெஸ் ஊர்த் தேவாலயத்துக்கு அவர் கடைசியாக வரைந்த பீட ஓவியங்களை இறக்கிவிட்டு, மெங்ஸும் அவர் வழிவந்தவர்களும் வரைந்தவற்றை மாட்டினார்கள். ஹயசிந்தஸ் மட்டும் ஷௌம்பர்க்-லிப்பே குடும்பத்திடம் அமைதியாக இருந்து, 1930-களில் திஸ்ஸன் பிரபுவின் சேகரிப்புக்குப் போய், அந்தச் சேகரிப்பை ஸ்பெயின் அரசு 1993-ல் வாங்கியதால் மாட்ரிட்டுக்கே உரியதாகிவிட்டது. ஓவியரும் ஓவியமும் வெவ்வேறு வழியில் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாட்ரிட் போகும் வாய்ப்பு கிடைத்தால் முதலில் பிராடோவில் ரூபன்ஸின் அந்தச் சின்ன முன்வரைவைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து திஸ்ஸனுக்குள் போங்கள். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். போக முடியாவிட்டால் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். மட்டையைத்தான் எல்லோரும் கண்டுபிடிக்கிறார்கள், நீங்களும் கண்டுபிடித்துவிட்டீர்கள். அடுத்தமுறை அதை விட்டுவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் அந்த வலையைத் தேடுங்கள். ஆட்டம் நடக்கும்போது விறைப்பாக இருந்திருக்க வேண்டியது. யாரும் அவிழ்க்கவில்லை, யாரும் இழுத்துக் கட்டவும் இல்லை. நடுவில் தொய்ந்து தொங்குகிறது.